எலந்தப்பயம் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர்ப் பக்கம் ஒரு மாடி அறையில் பிள்ளைகளுக்கு மெல்லிசை சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். இரண்டு இடத்திலும் ஒரு பாட்டைப் பற்றி மட்டும் சந்தேகம் ஓய்ந்ததே இல்லை. அதுதான் எலந்தப்பயம், நம் ஊர்ப் பாப் பாட்டு என்று நான் சொல்லும் சினிமாப் பாட்டு. பாட வந்த பிள்ளைகள் கேட்பார்கள், கூட்டிவந்த அம்மாக்கள் கேட்பார்கள், திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

எந்தப் படம், யார் பாடினது, யார் எழுதினது? முதல்ல அதைச் சொல்லிடுங்க.

படம் 'பணமா பாசமா', வந்த வருஷம் 1968. இயக்கியவர் கே.எஸ். கோபாலகிருஷ்ணன். பாட்டை எழுதியவர் கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன், பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி. திரையில் பழம் விற்கும் பெண்ணாக வருபவர் விஜயநிர்மலா.

மனோரமா பாடினதுதானே இது? எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

இல்லை. ஆனால் அந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதே 1968இல் 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே வூட்டாண்ட' என்று மனோரமா தன் சொந்தக் குரலில் பாடினார். அதுவும் மெட்ராஸ் பாஷை, இதுவும் மெட்ராஸ் பாஷை, இரண்டும் ஒரே வருஷம். ஐம்பது வருஷம் கழித்து நினைவில் இரண்டும் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் வந்த 'அனுபவி ராஜா அனுபவி'யில் 'முத்துக்குளிக்க வாரீகளா' பாட்டுக்கு நாகேஷோடு ஆடியவர் மனோரமா. அவருக்குக் குரல் கொடுத்தவர் ஈஸ்வரி. முகம் ஒருவர், குரல் ஒருவர். ஈஸ்வரியின் குரலை மனோரமாவின் முகத்தோடு சேர்த்து மனசில் பதித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பழம்னு சொல்லாம ஏன் 'பயம்'னு பாடறாங்க? பயம்னா அச்சம் இல்லையா?

சின்னப் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இது. இங்கே அச்சத்துக்கு வேலையில்லை. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள வடமாவட்டங்களிலும் பேச்சில் 'ழ' பெரும்பாலும் 'ய' ஆகிவிடும். கிழவி கியவி ஆவாள். வாழைப்பழம் வாயப்பயம் ஆகும். தெற்கே போனால் அதே 'ழ' 'ள' ஆகும். மதுரைக்காரர் 'பளம்' என்பார். ஆக, அந்தப் பெண் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதுமே அவள் எந்த ஊர்க்காரி என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வசனம் வேண்டாம், அறிமுகம் வேண்டாம், ஓர் எழுத்து போதும்.

கண்ணதாசன் செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டிக்காரர். அவர் வீட்டுப் பேச்சில் இது 'பயம்' அல்ல. பட்டணத்துத் தெருவில் காதால் வாங்கியதைத்தான் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன 'வாரீகளா' தூத்துக்குடிப் பேச்சு, அதுவும் அவர் எழுதியதுதான். ஊருக்கு ஊர் நாக்கு எப்படிப் புரளும் என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம்.

அப்போ 'எலந்த' மட்டும் மெட்ராஸ் பாஷை இல்லையா?

இல்லை, அது தமிழ்நாடு முழுக்க உள்ள பேச்சு. இலை எல ஆகிறது, இடம் எடம் ஆகிறது, உடம்பு ஒடம்பு ஆகிறது. அப்படியே இலந்தை எலந்த ஆகிறது. சென்னை முத்திரை விழுவது கடைசியில் வரும் 'ய'வில்தான்.

என் பொண்ணு அந்தப் பழத்தையே பார்த்ததில்ல சார். எப்படி இருக்கும்?

கோலிக்குண்டு அளவில் உருண்டையாக இருக்கும், உள்ளே ஒரே ஒரு கெட்டியான கொட்டை. பச்சை, மஞ்சள், பிறகு செம்பழுப்பு என்று நிறம் மாறும். நன்றாகப் பழுத்தால் தோல் சுருங்கிக் கொஞ்சம் மாவு மாதிரி ஆகிவிடும். இனிப்பும் புளிப்பும் கலந்த ருசி, பக்கத்தில் நின்றாலே ஒரு கனத்த வாசனை. மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் பள்ளிக்கூட வாசல்களில் கூடையில் குவித்து வைத்திருப்பார்கள். உழக்கால் அளந்து காகிதத்தில் கொட்டி, மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். காய்ந்த பழத்தை மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்துத் தட்டினால் இலந்தை வடை.

வேலி ஓரத்திலும் காட்டுமேட்டிலும் தானாக முளைக்கும் முள் மரம் அது. யாரும் உரம் போட்டு வளர்த்ததில்லை, அதனால்தான் விலை மலிவு. பாட்டின் தொடக்கத்திலேயே 'ஏழைக்குன்னே பொறந்த' பழம் என்று வருகிறதே, அதற்குப் பொருள் இதுதான். பாட வரும் பிள்ளைகளுக்கு நான் கையில் நாலு பழம் கொடுத்துத் தின்னச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவேன். தின்றவள் பாடுவதற்கும் தின்னாதவள் பாடுவதற்கும் வித்தியாசம் தெரிகிறது.

அந்த நடிகையை 'அலேக் நிர்மலா'ன்னு சொல்வாங்களே, ஏன்?

அதே படத்தில் 'வாழைத்தண்டு போல ஒடம்பு அலேக்' என்று இன்னொரு பாட்டு இருக்கிறது. ஏ.எல். ராகவனோடு ஈஸ்வரி பாடியது. அந்த 'அலேக்' பட்டப்பெயராக விஜயநிர்மலாவோடு ஒட்டிக்கொண்டது. அவரை இதோடு நிறுத்திவிடாதீர்கள். பிறகு தெலுங்கில் இயக்குநராகி 44 படங்கள் எடுத்தார். உலகிலேயே அதிகப் படங்களை இயக்கிய பெண் என்று 2002இல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். 2019இல் காலமானார்.

இது அந்தக் கால ஐட்டம் சாங் தானே?

இல்லை என்று அழுத்தியே சொல்வேன். கதைக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தி ஒரே பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போனால் அதை அப்படிச் சொல்லலாம். இங்கே பழக்காரி ஒரு பாத்திரம். பணத்திமிர் பிடித்த அம்மாவாக எஸ். வரலட்சுமி. அவருடைய மகள் சரோஜாதேவி வசதியில்லாத ஜெமினி கணேசனைக் கட்டிக்கொள்கிறாள். மகன் நாகேஷ் இந்தப் பழக்காரியிடம் மனசைக் கொடுக்கிறான். பணமா, பாசமா என்ற படத்தின் கேள்விக்குத் தெருவிலிருந்து வரும் பதில் அவள்தான். எல்லாரும் வாங்கலாம், ஏழைக்கென்றே பிறந்தது என்று அவள் கூவும்போது படத்தின் தலைப்பையே வேறு வார்த்தையில் சொல்கிறாள்.

சங்கராபரணம் போட்ட கே.வி. மகாதேவனா இந்தப் பாட்டையும் போட்டார்?

'சங்கராபரணம்' என்ற தெலுங்கு இசைப் படத்துக்கு இசையமைத்த அவரேதான். 1967ஆம் ஆண்டின் படங்களுக்காகத் தேசிய விருதில் சிறந்த இசையமைப்பாளர் என்ற பிரிவு முதன்முதலாக வந்தபோது, 'கந்தன் கருணை'க்காக அதை வாங்கியவர். அடுத்த வருஷம் 1968. அந்த ஒரே வருஷத்தில் நாகஸ்வரமும் சலங்கையும் ததும்பும் 'தில்லானா மோகனாம்பாள்' ஒரு பக்கம், எலந்தப்பயம் இன்னொரு பக்கம். ஒன்றை உயர்வாகவும் ஒன்றைத் தாழ்வாகவும் வைப்பது நாம் செய்வது. அவர் மனசில் அந்தத் தட்டு இருந்ததாகத் தெரியவில்லை.

பெரும்பாலும் பாட்டை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு அதற்கு மெட்டுப் போடுவது அவர் வழக்கம். இந்தப் பாட்டில் அது பளிச்சென்று தெரிகிறது. 'எலந்தப்பயம்' என்ற சொல்லை மெட்டில்லாமல் சும்மா சொல்லிப் பாருங்கள். 'ந்த' ஒரு தட்டு, 'ப்ப' ஒரு தட்டு, 'யம்' ஒரு மூடல். 'செக்கச் செவந்த' என்பதைச் சொல்லுங்கள், அதிலும் இரண்டு தட்டு. தாளம் வெளியிலிருந்து வரவில்லை, சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பாப் பாட்டுன்னு சொல்றீங்க. சினிமாப் பாட்டு எப்படி பாப் ஆகும்?

வெளிநாட்டில் பாடகர் தனியாக இசைத்தட்டுப் போட்டு ஊரெல்லாம் பரவினால் அது பாப். நம் ஊரில் அந்த இடத்தைச் சினிமாப் பாட்டே எடுத்துக்கொண்டது. படம் பார்க்காதவர்களும் பாடுவார்கள், கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியில் போடுவார்கள், பாட்டு படத்தைவிட்டு இறங்கித் தனியாக நடக்கும். எலந்தப்பயம் அப்படி நடந்த பாட்டு. இலங்கைத் தமிழர்கள்தான் சினிமாவுக்கு வெளியே 'பொப்' என்று ஒரு தனி வகையையே வளர்த்தார்கள். சிலோன் மனோகர் அதை இங்கேயும் கொண்டுவந்தார்.

ஈஸ்வரியம்மா குரல்ல அப்படி என்ன இருக்கு? சுசீலாம்மா குரல் மாதிரி இனிமையா இல்லையே?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

பி. சுசீலா பாடினால் சுரம் முன்னால் வரும். எந்தச் சொல்லும் அந்த உருண்டையான நாதத்துக்குள் நனைந்துதான் வெளியே வரும். ஈஸ்வரி பாடினால் சொல் முன்னால் வரும். சொன்னது யார், எந்த நினைப்பில் சொன்னாள், எதிரில் நிற்பவனை எப்படிப் பார்த்தாள் என்பதெல்லாம் குரலிலேயே கேட்கும். தொண்டை திறந்து, கொஞ்சம் கூர்மையாக, உலோகத்தில் சுண்டியது போன்ற ஒரு கணீர். இந்தக் குரல் ஒலிபெருக்கியில் போனால் மூன்று தெரு தாண்டியும் வார்த்தை தெளிவாகக் கேட்கும். இனிமை என்றால் வழவழப்பு மட்டும்தானா? இலந்தைப்பழம் இனிப்பில்லையா? அதில் புளிப்பும் இருக்கிறது, துவர்ப்பும் இருக்கிறது, கொட்டையும் இருக்கிறது.

அவருடைய பெரிய வித்தை, பாட்டுக்கு நடுவே பாட்டில்லாத ஓசைகளைக் கொண்டுவருவது. சிரிப்பு, பெருமூச்சு, விம்மல், ஒரு 'ம்'. 1969இல் வந்த 'சிவந்த மண்' படத்தில் 'பட்டத்து ராணி' பாட்டைக் கேளுங்கள். சாட்டை சொடுக்கும் சத்தம் விழும், அவர் குரல் துடிக்கும், மூச்சு அறுபடும், ஆனால் அடுத்த அடியைச் சுருதி பிசகாமல் பிடித்துவிடுவார். வலிக்கிற மாதிரி நடித்துக்கொண்டே தாளத்தையும் விடாமல் பாடுவது எவ்வளவு கடினம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதே வித்தையின் சிரித்த முகம்தான் எலந்தப்பயம்.

எல்.ஆர்.னா என்ன? அவங்க எங்க பாட்டுக் கத்துக்கிட்டாங்க?

லூர்து மேரி ராஜேஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பம். அப்போது எம்.எஸ். ராஜேஸ்வரி என்று குழந்தைக் குரல் பாட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஒருவர் இருந்ததால், இவர் எல்.ஆர். ஈஸ்வரி ஆனார்.

அம்மா ஸ்டூடியோவில் கோரஸ் பாடுபவர். அம்மாவோடு போன பெண் 1954இல் 'மனோகரா'வில் கோரஸில் நின்று பாடினாள். அந்தக் கோரஸ் வரிசைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். தனியாகப் பாடும் வாய்ப்பைக் கொடுத்தவர் கே.வி. மகாதேவன், 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில். ஊர் முழுக்கப் பெயர் தெரிந்தது 1961இல், 'பாசமலர்' படத்தின் 'வாராயென் தோழி'யால். ஆக, எலந்தப்பயம் அவருக்கு முதல் கதவைத் திறந்துவிட்ட அதே இசையமைப்பாளர் பத்து வருஷம் கழித்துக் கொடுத்த பாட்டு. அவர் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று மகாதேவனுக்கு அதற்குள் அத்துப்படி ஆகியிருக்கும்.

ஆனா அவங்க இந்த மாதிரி குத்துப் பாட்டு, கிளப் டான்ஸ் பாட்டு மட்டும்தானே பாடினாங்க?

அப்படி ஒரு முத்திரை குத்தினார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. 'பளிங்கினால் ஒரு மாளிகை' போல மயக்கும் பாட்டுகளில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால், அந்த மாதிரிப் பாட்டு வந்தாலே அவரைக் கூப்பிட்டார்கள். நாயகியின் பாட்டுகள் அனேகமாக வேறு வீட்டுக்குப் போயின. 'பணமா பாசமா'விலேயே பாருங்கள், சரோஜாதேவிக்கான 'மாறியது நெஞ்சம்' சுசீலாவுக்கு, பழக்காரியின் பாட்டு ஈஸ்வரிக்கு.

முத்திரையை ஒதுக்கிவிட்டு மூன்று பாட்டைக் கேளுங்கள். ஒன்று, மேலே சொன்ன 'வாராயென் தோழி'. மணப்பெண்ணைத் தோழி அழைக்கும் அந்தக் குரலில் கேலியும் பாசமும் சமமாக இருக்கும். இரண்டாவது, 1972இல் 'வெள்ளி விழா' படத்துக்கு வி. குமார் இசையில் பாடிய 'காதோடுதான் நான் பாடுவேன்'. தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அங்கே மூச்சளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். கணீர் என்று பாடத் தெரிந்தவருக்கு மெல்லப் பாட வராது என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். மூன்றாவது, 'அடி என்னடி உலகம்'. 1974, 'அவள் ஒரு தொடர்கதை'. கசப்பை அவ்வளவு துள்ளலாகப் பாட முடியும் என்று அதில் தெரியும்.

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு அம்மன் கோயில்களில் ஒலிப்பதும் அதே குரல்தான். 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே' என்று லூர்து மேரி பாடியதைக் கேட்டுத்தான் வேப்பிலைக்காரிகளுக்குச் சாமி வருகிறது. 2011இல் 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' பாடினார். எண்பது வயதை ஒட்டி, 2020இல் வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்துக்கும் ஆடிக் குத்து பாடினார்.

இந்தப் பாட்டுக்கு அவங்களுக்கு நேஷனல் அவார்டு கிடைச்சுதா?

இல்லை. 1968ஆம் ஆண்டின் படங்களுக்கான தேசிய விருதில் இரண்டு புதிய பிரிவுகளைத் தமிழ்தான் தொடங்கி வைத்தது. சிறந்த பாடலாசிரியர் விருது கண்ணதாசனுக்கு, 'குழந்தைக்காக' படத்துக்கு. சிறந்த பின்னணிப் பாடகி விருது பி. சுசீலாவுக்கு, 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'நாளை இந்த வேளை பார்த்து' பாட்டுக்கு. இரண்டும் தகுதியானவர்களுக்கே போயின. முந்தைய வருஷம் மகாதேவன். இந்தப் பாட்டோடு சம்பந்தப்பட்ட மூன்று பேரில் இருவருக்குத் தேசிய விருது உண்டு, அதைத் தெருவுக்கு எடுத்துப்போன குரலுக்குக் கிடையாது. மாநில அரசின் கலைமாமணி கிடைத்தது.

பாட்டுல ரெட்டை அர்த்தம் இருக்குன்னு சொல்றாங்க. பொண்ணுங்களைப் பாட வைக்கலாமா?

இருக்கிறது, மறைக்க மாட்டேன். பழம் விற்கிறவளுக்கும் வாங்க வருகிறவனுக்கும் நடுவே ஒரு சீண்டல் ஓடுகிறது. நம் தெம்மாங்கிலும் ஏற்றப்பாட்டிலும் நாற்று நடும்போது பாடும் பாட்டிலும் இதைவிட அதிகம் உண்டு. அதையெல்லாம் நாம் நாட்டார் செல்வம் என்று சொல்லி ஏட்டில் பதிக்கிறோம்.

நான் கவனிக்கச் சொல்வது அந்தக் குரலின் நிலையை. அவள் கெஞ்சவில்லை, குழையவில்லை. விலை சொல்கிறவள் அவள், வேண்டாம் என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவளும் அவள். அந்தச் சிரிப்பு எதிரில் நிற்பவனைக் கிட்டே இழுப்பதற்கு அல்ல, ஒரு கை தூரத்திலேயே நிறுத்துவதற்கு. தெருவில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். பத்து வயசுப் பிள்ளைக்கு நான் பல்லவியை மட்டும் சொல்லிக்கொடுப்பேன், அவளுக்கு அது பழப் பாட்டு. வயது வந்த பெண் முழுதாகப் பாடட்டும், ஆனால் குழைந்து பாடினால் நிறுத்திவிடுவேன். குழைந்தால்தான் பாட்டு கொச்சையாகிறது.

போட்டியில இந்தப் பாட்டைப் பாடினா மார்க் போடுவாங்களா?

நடுவரைப் பொறுத்தது. ஒரு பள்ளி ஆண்டுவிழாப் போட்டிக்கு என் மாணவி ஒருத்தியை இந்தப் பாட்டோடு அனுப்பினேன். பல்லவி முடிவதற்குள் நடுவர் கையைக் காட்டி நிறுத்தி, "இதெல்லாம் ஒரு பாட்டா, வேற பாடும்மா" என்றார். அவள் அழவில்லை, வேறொரு பாட்டைப் பாடிவிட்டு வந்தாள். ஆனால் வரும் வழியில் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. கமகம் நிறைந்த பாட்டைப் பாடினால் திறமை, சொல்லை வைத்துப் பாடினால் திறமையில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பாட்டை மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசில்லை. இப்படி நடக்கலாம் என்பதை மட்டும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு.

சரி, எப்படிப் பழகறது? எங்க தப்புப் பண்றோம்?

முதல் தப்பு, அவரைப் போல மிமிக்ரி செய்யப் பார்ப்பது. மூக்கால் இழுத்தால் ஈஸ்வரி குரல் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அவர் குரல் தொண்டை திறந்த குரல். மூக்கை அடைத்துக்கொண்டால் அதற்கு நேர் எதிராகப் போவீர்கள். சுருதியையும் இசைத்தட்டைப் பார்த்து வைக்காதீர்கள், உங்களுக்குச் சௌகரியமான இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, ஒற்றெழுத்துகளை விழுங்குவது. 'எலந்தப்' என்றதும் உதடு மூட வேண்டும். அந்தக் கண்ணிமைப்பொழுது நிசப்தம்தான் அடுத்த 'பயம்' துள்ளுவதற்கு இடம் கொடுக்கிறது. பெரும்பாலோர் அந்த இடைவெளியையும் சுரத்தால் நிரப்பி 'எலந்தபயம்' என்று வழுக்கிவிடுகிறார்கள். கடைசி 'ம்'மிலும் உதட்டை மூடி ஒரு நொடி ஒலிக்க விடுங்கள்.

வகுப்பில் நான் செய்வது இது. மெட்டை மறந்துவிட்டு, இடுப்பில் ஒரு கூடை வைத்துக்கொண்டு அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தபடி கூவச் சொல்வேன். பத்துத் தடவை. கூவல் சரியாக வந்ததும் அதன் மேலேயே மெட்டை ஏற்றினால் போதும். பாடும்போது நிஜமாகவே சிரிக்க வேண்டும். உதடு விரிந்தால் ஒலி பளிச்சென்று ஆகும், கேட்பவருக்கு முகம் தெரியாவிட்டாலும் சிரிப்பு தெரியும்.

ஆம்பளைப் பசங்க பாடலாமா?

பாடலாம். மேடையில் பெண் வேஷம் கட்டிக் கோமாளித்தனம் செய்வதற்காக என்றால் நான் வாசிக்க மாட்டேன்.

நாங்க பாடி யூடியூப்ல போட்டா காப்பிரைட் பிரச்சினை வருமா?

வரலாம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை பாட்டு வரிகளுக்கு உரிமை உண்டு. கண்ணதாசன் இறந்தது 1981, ஆகவே 2041 முடியும் வரை. மகாதேவன் இறந்தது 2001, மெட்டுக்கு 2061 முடியும் வரை. ஒலிப்பதிவுக்குக் கணக்கு வேறு, வெளியானதிலிருந்து 60 வருஷம். 1968இல் வந்த பதிவுக்கு 2028 முடிய வேண்டும். அதனால் பழைய பதிவை அப்படியே பின்னால் ஓடவிட்டுப் பாடுவது ஒரு உரிமையைத் தொடுகிறது, நீங்களே வாசித்துப் பாடினாலும் மற்ற இரண்டைத் தொடுகிறது. உண்மையான கோயில் சடங்கிலும், கல்யாண ஊர்வலம் முதலான கல்யாணக் கொண்டாட்டங்களிலும் பாடுவதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்ட கச்சேரிக்கு முறையாக உரிமம் வாங்கிவிடுங்கள்.

கடைசியா ஒண்ணு கேக்கறேன். 'பயம்', 'கியவி'ன்னு பேசற ஜனங்களைக் கிண்டல் பண்ற மாதிரி ஆகாதா இது?

இதைக் கேட்டவர் என் வகுப்பிலேயே இருந்த ஒரு பெண். பதினைந்து வயது. அம்மா தள்ளுவண்டியில் பழம் விற்பவர். எல்லாரும் 'பயம்' என்று பாடியபோது இவள் மட்டும் அழுத்தமாக, நாக்கை மடித்து, 'பழம்' என்றாள். திருத்தினேன், மறுபடியும் 'பழம்'. வகுப்பு முடிந்ததும் எல்லாரையும் போகவிட்டுப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நியாயமான கேள்வி. சினிமாவில் மெட்ராஸ் பாஷை பல காலம் சிரிப்புக்காகத்தான் வந்தது. ரிக்ஷாக்காரரும் மீன்காரியும் வாயைத் திறந்தால் தியேட்டர் சிரிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். இந்தப் பாட்டையும் அப்படிப் பாட முடியும்; 'ய'வைத் தேவைக்கு மேல் அழுத்தி, கண்ணைச் சிமிட்டி, 'பார் இவள் எப்படிப் பேசுகிறாள்' என்று காட்டினால் அது கிண்டல்தான். ஈஸ்வரி அப்படிப் பாடவில்லை. அந்தப் பெண்ணுக்கு வெளியே நின்று அவளைக் காட்டவில்லை, அவளாகவே நின்று பழம் விற்கிறார். இதை அன்றைக்கு இவ்வளவு தெளிவாக என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை. பாட்டைப் போட்டு இரண்டு தடவை கேட்கச் சொன்னேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளைக் கூட்டிப்போக அம்மா வந்துவிட்டார். படியிலேயே நின்று கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் கூவுது இந்தம்மா, ஆனா வெயில்ல இவ்ளோ கூவுனா மதியத்துக்குள்ள தொண்ட கட்டிக்கும். நாங்க 'ல'வுல இழுத்துட்டு பயத்தை வுட்ருவோம்" என்றார். சொல்லிவிட்டு, என் அறையில் நின்றபடியே ஒரு தடவை கூவிக் காட்டினார். எதிர் மாடியிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "எவ்ளோம்மா உழக்கு?" என்று கேட்டாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அடுத்த வாரம் கூடையை முதலில் அவள்தான் இடுப்பில் எடுத்து வைத்தாள், அம்மா சொன்ன மாதிரியே 'ல'வில் இழுத்தாள்.